புதுப்பிப்பு: தீவகத்து வைத்தியசாலைக்கு மருந்துக் குளிரூட்டி வந்து சேர்ந்தது

யாழ்ப்பாணத்தை அடுத்த எங்கள் தீவகத்துப் பிரதேச வைத்தியசாலையில் இன்சுலின் வைப்பதற்குக் குளிரூட்டி வாங்க நிதி சேர்ப்பது எப்படி என்று முன்னர் இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, பணம் சேர்க்க முன்னரே அனுமதி பெறவேண்டும் என்ற ஆலோசனைதான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழும், எங்களுடையது போன்றவை மாகாண சபையின் கீழும் இருப்பதால், பொறுப்பு வைத்திய அதிகாரி ஊடாக, மாகாண சுகாதாரத் துறையின் மாவட்டப் பொறுப்பாளரான பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் கிடைத்த பின்னரே நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் பணம் சேர்த்தோம்.

வெளிநாட்டு உறவுகளையே பெரிதும் நம்பியிருந்தோம். ஆனால் முதலில் வந்தது ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் பணம். அதை இன்றும் நெகிழ்ச்சியோடு நினைக்கிறேன். இன்னொன்றையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அன்பளிப்பாக வந்த வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியை மருந்தாளர் ஏற்கவில்லை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும், ஒருமுறை உறைந்தால் பிறகு பயன்படாது, வீட்டுப் பெட்டியிலோ உறைபகுதியை ஒட்டிய தட்டு அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும் என்று தட்டைத் தொட்டுக் காட்டியே விளக்கினார். ஆகவே, கதவைத் திறக்காமலே வெப்பநிலையைப் பார்க்கக்கூடிய மருந்துக் குளிரூட்டியை வாங்கினோம்.

கையளிக்கும் அன்றே வைத்தியசாலையின் பொருட்பதிவேட்டில் அதைப் பதிவித்துக்கொள்ளுங்கள். பதிவில் இல்லாத பொருளைப் பழுதுபார்க்க அரச நிதி கேட்பது கடினம்.