கிரேஃபிஷ் அறுத்ததில் குழப்பம்: நரம்பு எங்கே, இந்த வெள்ளைக் கற்கள் என்ன?

ஈரமணல்:
விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது. பதப்படுத்திய கிரேஃபிஷ் (நன்னீரில் வாழும், இறாலைப் போன்ற ஓட்டுடலி) ஒன்றை எடுத்து முதுகு ஓட்டைக் கழற்றினேன். வாலையும் நீளவாக்கில் திறந்தேன். உள்ளே பார்த்ததில் நாலு சந்தேகம்.

வாலின் சதைக்குள் கரிய குழல் ஒன்று நெடுக ஓடுகிறது. அதுதான் நரம்பு வடம் என்கிறான் கூடப் படிக்கும் நண்பன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழிவுநீரைப் பிரிக்கும் பச்சைச் சுரப்பியைப் படத்தில் பளிச்சென்று பச்சையாகப் போட்டிருக்கிறார்கள், என் கிரேஃபிஷில் பச்சையாக எதுவுமே இல்லை. இரைப்பையின் இரு பக்கச் சுவரிலும் சட்டைப் பொத்தான் மாதிரி கெட்டியான வெள்ளைக் கல் ஒவ்வொன்று இருக்கிறது. இது நோயா? கடைசியாக, இணை உறுப்புகளை (கால், கொடுக்கு, உணர்கொம்பு போல இரு பக்கமும் இணை இணையாக இருப்பவற்றை) எண்ணும்போது வாய்ப் பக்கம் வந்ததும் கணக்கு தப்பிவிடுகிறது. யாராவது சொல்லுங்கள்.

பழைய ஆய்வகம்:
தம்பி, உங்கள் சந்தேகம் சரி. அது குடல். உள்ளே கழிவு தங்கியிருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. ஆய்வகத்தில் என் மேசைக்கு வந்த மாணவர்களில் பாதிப் பேர் அந்தக் குழலைக் காட்டித்தான் நரம்பு என்பார்கள்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு நரம்பு வடம் முதுகுப் பக்கம், இதயம் முன்பக்கம். கிரேஃபிஷுக்கு அப்படியே தலைகீழ். இதயம் முதுகு ஓட்டை ஒட்டி மேலே இருக்கும், அதற்குக் கீழே குடலும் சுரப்பிகளும், எல்லாவற்றுக்கும் அடியில், வயிற்றுப் பக்கத் தரையில், நரம்பு வடம். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் படத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

வாலில் குடலுக்குக் கீழே தடித்த சதை இருக்கிறதல்லவா, அது வாலை உள்பக்கம் மடக்கும் தசை. மேலே வாலை நிமிர்த்தும் தசை மெல்லியது. ஆபத்து என்றால் வாலைச் சுண்டிப் பின்னோக்கிப் பாயும் பிராணி, அதனால் மடக்கும் தசைதான் இடத்தையெல்லாம் அடைத்திருக்கிறது. அதை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், கத்தி வேண்டாம். அடியில் வெளிர் நிறத்தில் ஒரு வடமும், வாலின் கண்டத்துக்கு (வளையம் போன்ற ஒவ்வொரு பகுதிக்கும்) ஒன்றாக அதில் சின்ன முடிச்சுகளும் தெரியும். முடிச்சுகள்தான் நரம்புத் திரள்கள். வால் பகுதியில் மொத்தம் ஆறு.

இதயத்தைப் பார்த்தீர்களா? நீங்கள் எழுதவே இல்லை. ஓட்டை வெடுக்கென்று இழுத்தால் முதலில் பிய்வது அதுதான். இரைப்பைக்குப் பின்னால், நடுக்கோட்டில், வெளிறிய ஒரு சிறு பை. அதில் மூன்று இணைத் துளைகள் உண்டு. இரத்தம் உடலிடுக்குகளில் பரவி, செவுள் வழியாக வந்து, இதயத்தைச் சூழ்ந்த குழிக்குள் சேர்ந்து, அந்தத் துளைகள் வழியாகத்தான் இதயத்துக்குள் நுழையும். நம்மைப் போலச் சிரை கிடையாது. ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு உள்ள ஹீமோசயனின், அதனால் இரத்தம் சிவப்பாக இருக்காது. அடுத்த கிரேஃபிஷில் ஓட்டின் பின் விளிம்பில் கத்தரியை நுழைத்து, நுனி மேல்நோக்கியே இருக்கும்படி, இரு பக்கமும் முன்னோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் ஓட்டைத் தூக்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் சவ்வை ஊசியால் விலக்கிக்கொண்டே தூக்குங்கள்.

பச்சைச் சுரப்பி: பதப்படுத்திய கிரேஃபிஷில் பச்சையைத் தேடாதீர்கள், மருந்தில் நிறம் போய்விடும். இடத்தைத் தேடுங்கள். நீளமான உணர்கொம்பின் அடிக்கணுவைக் கீழிருந்து பார்த்தால் சிறு மேடும் அதில் ஒரு துளையும் இருக்கும். கழிவுநீர் வெளியேறும் வாசல் அது. அதற்கு நேர் உள்ளே, இரைப்பைக்கு முன்னால், தரையோடு தரையாக ஒரு சின்னத் திரள். ஆமாம், சிறுநீர் தலையிலிருந்துதான் வெளியேறுகிறது. இரைப்பையின் இரு பக்கமும் பெரிதாக, மஞ்சளாகவோ பழுப்பாகவோ பரந்து கிடப்பது செரிமானச் சுரப்பி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எண்ணிக்கைக்கு ஒரே வழிதான். பின்னாலிருந்து தொடங்கி, ஒரு பக்கத்து உறுப்புகளை மட்டும் அடியோடு கழற்றி, தாளில் வரிசையாக ஒட்டுங்கள். வால் துடுப்பு 1, நீச்சல் கால் 5, நடக்கும் கால் 4, பெரிய கொடுக்கு 1, தாடைக் கால் 3, துணைத் தாடை 2, கடிக்கும் தாடை 1, நீண்ட உணர்கொம்பு 1, குட்டை உணர்கொம்பு 1. ஆக 19 இணை. கண் காம்பைச் சேர்ப்பதில்லை. நீங்கள் தடுமாறுவது வாயைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஆறு இணைகளில்தான். அவற்றில் தாடைக் கால் மூன்றும் மார்புக்குச் சொந்தம், தலைக்கு அல்ல. தேர்வில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

கல் விஷயத்தை மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

தொட்டிக்காரன்:
நோயெல்லாம் இல்லை. அது இரைப்பைக் கல், பெரும்பாலும் சுண்ணாம்பு. கிரேஃபிஷ் ஓடு கழற்றப் போகிறது என்றால் பழைய ஓட்டிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சி, அதில் ஒரு பங்கை இரைப்பைச் சுவரில் இப்படிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓடு கழன்றதும் கல் இரைப்பைக்குள் விழுந்து கரைந்து, புது ஓட்டைக் கெட்டியாக்கப் போய்ச் சேரும். நன்னீரில் சுண்ணாம்பு குறைவு, சேமித்துத்தான் ஆக வேண்டும். என் தொட்டியில் கழற்றிப் போட்ட ஓட்டை நான் எடுப்பதே இல்லை. அதையும் தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும். அழுக்கு என்று எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஈரமணல், நீங்கள் ஓட்டைத் தூக்கியபோது கீழே இன்னொரு மெல்லிய தோல் இருந்ததா? இருந்தால் அதுதான் புது ஓடு. கழன்ற ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: கண்ணின் மேலுறை, செவுளின் உறை, இரைப்பைக்குள் இரையை அரைக்கும் மூன்று பற்கள் வரை கழன்று வந்திருக்கும்.

குட்டை உணர்கொம்பின் அடியில் சமநிலைப் பை ஒன்று உண்டு, உள்ளே மணல் துகள்கள். எது மேல் எது கீழ் என்று கிரேஃபிஷுக்குச் சொல்வது அந்த மணல்தான். ஓடு கழற்றும்போது அதுவும் போய்விடும், புதிதாக மணல் சேர வேண்டும். 1893இல் கிரைடல் என்பவர் இறால்களுக்கு மணலுக்குப் பதில் இரும்புத் துகளைக் கொடுத்தார். ஓடு மாற்றிய இறால்கள் அதைப் பைக்குள் எடுத்துக்கொண்டன. மேலே காந்தத்தைக் காட்டியதும் இறால் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது! தொட்டியின் அடியில் கொஞ்சமாவது நுண்மணல் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஆண் பெண் கேட்பார்களா தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். கவிழ்த்துப் பாருங்கள். முதல் இரண்டு இணை நீச்சல் கால்கள் விறைத்து முன்னோக்கிப் படிந்திருந்தால் ஆண். கொடுக்கை முதல் காலாக வைத்து எண்ணினால் ஆணுக்கு இனப்பெருக்கத் துளை ஐந்தாவது காலின் அடியில், பெண்ணுக்கு மூன்றாவதில்.

ஈரமணல்:
இருவருக்கும் நன்றி. ஆமாம் அண்ணா, மெல்லிய தோல் இருந்தது. ஏதோ சவ்வு என்று நினைத்துக் கிழித்துவிட்டேன். ஐயா சொன்னபடி தசையை எடுத்ததும் வாலில் வடம் தெரிந்தது, முடிச்சும் ஆறு சரியாக இருக்கிறது. ஆனால் மார்புப் பகுதிக்கு வந்ததும் எலும்பு மாதிரி ஏதோ மூடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் வடத்தை மேலிருந்து கீழாக ஒரு குழாய் துளைத்துக்கொண்டு போகிறது. இது இயல்பா?

பழைய ஆய்வகம்:
இயல்புதான். எலும்பு இல்லை, வெளி ஓடே உள்ளே மடிந்து வளர்ந்த சட்டம். கால் தசைகள் பற்றிக்கொள்ள அது வேண்டும். நுனிக் கத்தரியால் இரு ஓரத்திலும் வெட்டித் தகடு தகடாக எடுங்கள். குழாய், இதயத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் தமனி. அதற்கு வழிவிட வடம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். பிரியும் இடத்தைப் பிய்ந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் போனால் உணவுக்குழலைச் சுற்றி இன்னொரு பிரிவு இருக்கும், அதைத் தாண்டி, இரு கண்களுக்கும் நடுவில் மூளை.

வடத்தில் சில இழைகள் மற்றவற்றைவிட மிகத் தடிமன். அவைதான் அந்த வால் சுண்டலைத் தொடங்கிவைக்கும் ராட்சத இழைகள். நரம்பிலிருந்து நரம்புக்கு மின்சாரம் நேரடியாகவே கடக்க முடியும் என்பதை ஃபர்ஷ்பான், பாட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1959இல் காட்டியது கிரேஃபிஷின் இந்த இழைகளில்தான். வாய்மொழித் தேர்வில் இதைச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வடத்தை எடுத்துக் காட்டாதீர்கள். அடியில் கறுப்புத் தாளைச் செருகி, இருந்த இடத்திலேயே காட்டுங்கள்.