கடையில் கணக்கு எழுதிக்கொண்டே இணையவழியில் பி.காம். படிக்கலாமா?

கேள்வி: கடலூர்க் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் பெயின்ட், ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் கணக்கு எழுதி வருகிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் பிரிவு எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். வீட்டுச் சூழ்நிலையால் கல்லூரிக்குப் போக இயலவில்லை. டேலி கணக்கு மென்பொருளில் பில் பதிவது, பாஸ்புக்கோடு கணக்கைச் சரிபார்ப்பது, மாதாமாதம் ஆடிட்டர் அலுவலகத்துக்கு விற்பனைப் பட்டியல் அனுப்புவது ஆகியவை என் அன்றாட வேலைகள். இரவு ஒன்பது மணிக்குக் கடை சாத்திய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் எனக்கு நேரம் கிடைக்கும் என்பதால், இணையவழியில் பி.காம். சேரலாம் என்று நினைக்கிறேன். இந்தப் பட்டத்தை வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஏற்றுக்கொள்வார்களா? ஆசிரியர் எதிரில் இல்லாமல் கணக்குப்பதிவியலைக் கற்க முடியுமா? பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்குமே என்ற தயக்கமும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: தணிக்கை உதவியாளர், புதுச்சேரி

தம்பிக்கு வணக்கம். பட்டம் செல்லுமா என்ற கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் இணையவழியில் வழங்கும் இளநிலைப் பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் அந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்காக மொத்தமாகக் கிடைப்பதன்று. எந்தப் படிப்புக்கு, எந்த முறையில், எந்தக் கல்வியாண்டுக்கு என்று தனித்தனியாக வழங்கப்படுவது. ஒரே பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலையில் அனுமதி இருந்து இணையவழியில் இல்லாமல் போகலாம். எனவே மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவினுடைய இணையதளத்தில் நீங்கள் சேரப்போகும் பருவத்துக்கான பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 2024-25 முதல் மாணவரே அந்தத் தளத்தில் பதிவுசெய்து டெப் ஐடி என்ற அடையாள எண்ணைப் பெற வேண்டும். அதற்குக் கல்விக் கணக்கு எண்ணான ஏபிசி ஐடி முன்னதாகவே இருக்க வேண்டும். "எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று சொல்லும் இடைத்தரகர்களை அண்டவிடாதீர்கள். இத்தகைய படிப்புகளை உரிமக்கிளை (ஃபிரான்சைஸ்) வைத்து நடத்துவதற்கு விதிமுறையில் இடமே கிடையாது.

பாடத்துக்கு வருகிறேன். காணொளி பார்ப்பதால் கணக்கு வந்துவிடாது. ஒரு பங்குதாரர் விலகும்போது நற்பெயரின் (குட்வில்) மதிப்பை எப்படிச் சரிக்கட்டுவது என்று ஆசிரியர் திரையில் போட்டுக் காட்டும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். கோடு போட்ட தாளில் மறுமதிப்பீட்டுக் கணக்கையும் மூலதனக் கணக்கையும் நாமே எழுதி, இருப்புநிலைக் குறிப்பின் இருபுறமும் ஒத்துவராமல் விழிக்கும்போதுதான் நிலவரம் தெரியும். அந்த ஒத்துவராத தொகையைத் தேடிப்பிடிப்பதுதான் படிப்பு. பல இணையவழித் தேர்வுகளில், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாக்களே மிகுதி என்பதால் கையால் எழுதும் பழக்கமே இல்லாமல் தேறிவிட முடிகிறது; அப்படித் தேறி வருபவர்களை வேலைக்கு எடுத்துவிட்டு நாங்கள் படும் பாடு தனிக்கதை.

உங்களிடம் மற்ற மாணவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: கடை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து 10,000 ரூபாய்ப் பெயின்ட் உங்கள் கடைக்கு வந்தால், ஒரு மணி நேரப் பயணத் தூரம்தான் என்றாலும், ஜிஎஸ்டியில் அது மாநிலம் கடந்த விற்பனை. பில்லில் 18 சதவீதமான 1,800 ரூபாயும் ஐஜிஎஸ்டியாக (மாநிலங்களுக்கு இடையிலான வரி) இருக்கும். அதே சரக்கு சென்னையிலிருந்து வந்தால் சிஜிஎஸ்டி (மத்திய வரி) 900, எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) 900 என்று பிரியும். விற்பவரின் ஜிஎஸ்டி பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. கொள்முதலில் கட்டிய வரியை, விற்பனையில் கட்ட வேண்டிய வரியோடு நேர்செய்யும்போது ஐஜிஎஸ்டி வரவை முழுவதும் தீர்த்த பிறகே மற்ற இரண்டின் வரவைத் தொட வேண்டும். மறைமுக வரிப் பாடத்தில் வறண்ட விதியாக வரும் இது, எல்லையோரத்தில் கணக்கு எழுதும் உங்களுக்கு வாரந்தோறும் கைக்கு வரும் விஷயம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்த பின், அதற்குரிய ஒரு பதிவைக் கடைக் கணக்கில் தேடிப்பாருங்கள். டேலி தானாகச் செய்துவிடும் வேலையைக் குறிப்பேட்டிலிருந்து பேரேடு வரை ஒருமுறை தாளில் எழுதியும் பாருங்கள். முதலாளியின் அனுமதியோடுதான், தொகைகளை மாற்றிக்கொண்டுதான்.

பதில்: குரூப் தேர்வு மாணவர், பண்ருட்டி

அரசு வேலை எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையைக் கோர, 2020ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, பள்ளிப் படிப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே தகுதி என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் பட்டம் தேவைப்படும் குரூப் 2 போன்றவற்றில், ஆங்கிலவழி பி.காம். படித்தால் இந்த முன்னுரிமை போய்விடும். தமிழ்வழியில் படிப்பதற்காகவே நான் இணையவழியைத் தவிர்த்துத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் போனேன்.

பதில்: வில்லியனூர் வாசகி

நான் இணையவழியில் பி.காம். முடித்தவள், தணிக்கை உதவியாளர் ஐயா சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் மறுக்கிறேன். கொள்குறித் தேர்வு என்பதாலேயே படிப்பு மட்டம் என்று சொல்லிவிட முடியாது. அடக்கவிலைக் கணக்கில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் முழுக் கணக்கையும் போட்டுத்தான் ஆக வேண்டும். வழிமுறைக்கென்று பாதி மதிப்பெண் போடவும் அங்கே ஆள் இல்லை. கைக்குழந்தையோடு இருந்த எனக்கு வேறு எந்த வழியிலும் பட்டம் கிடைத்திருக்காது.

ஆங்கிலத்தைப் பற்றிய தயக்கம் முதல் பருவத்தில்தான் அதிகம் இருக்கும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கணக்கை இரு மொழியிலும் படியுங்கள். எண்கள் மாறாததால் சொற்கள் தாமாகப் பிடிபடும். வணிகச் சட்டத் தாள்தான் உண்மையில் சிரமம் தரும், அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

தேர்வு எப்படி நடக்கும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் மையத்துக்கு வரச் சொல்கின்றன. சில, கேமரா வழியே கண்காணித்து வீட்டிலேயே எழுத விடுகின்றன. நம் பக்கத்தில் மழைக்காலத் தேர்வுகள் புயலோடு மோதும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மின்சாரம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்கும் தெரியும். தேர்வு நடுவில் இணைப்பு அறுந்தால் மறுவாய்ப்பு உண்டா என்பதற்கு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்ப வேண்டாம்.

கடலூர்க் கணக்கர்

மூவருக்கும் மிக்க நன்றி. அரசுத் தேர்வு எண்ணம் எனக்கு இல்லை, சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்கும் ஆசைதான் மனத்தில் இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: என்னிடம் கைப்பேசி மட்டுமே உள்ளது. கண்காணிப்புத் தேர்வைக் கடையின் கணினியில் எழுதலாமா?

தணிக்கை உதவியாளர், புதுச்சேரி

வேண்டாம் தம்பி. கண்காணிப்பு மென்பொருள்கள் கேமராவையும் மைக்கையும் திரையையும் தம் வசம் எடுத்துக்கொள்பவை. வாடிக்கையாளர் பாக்கி முழுவதும் இருக்கும் கணினியில் அதை நிறுவ எந்த முதலாளியும் சம்மதிக்கக் கூடாது. கேமராவுள்ள பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மையத்தில் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுங்கள். சி.ஏ. ஆசை இருந்தால் வெறும் தேர்ச்சி போதாது. வணிகவியல் பட்டதாரிகள் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலைக்குச் செல்ல 55 சதவீத மதிப்பெண் வேண்டும். முதல் பருவத்திலிருந்தே அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு படியுங்கள்.