மறு: ‘நோட்டிஃபையபிள் வொர்க்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். நம் மின்வேலைத் துண்டறிக்கையில் வரும் ‘நோட்டிஃபையபிள் வொர்க்’, அதாவது கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) கட்டாயம் தெரிவிக்க வேண்டிய வீட்டு மின்வேலை, அதற்கான சொல் பற்றிய பதில் இது.

> நோய்களுக்கு ‘அறிவிக்கத்தக்க’ என்று எழுதுகிறோமே. வீட்டு மின்வேலைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொள்ளலாம் ஐயா, ஆனால் அந்தத் ‘தக்க’ எனக்கு இடிக்கிறது. பாராட்டத்தக்க, குறிப்பிடத்தக்க என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘அறிவிக்கத்தக்க வேலை’ என்றால், அறிவித்தால் நல்லது, விட்டாலும் பாதகமில்லை என்றுதான் படும். இங்கிலாந்துக் கட்டட விதிகளில் வீட்டு மின்வேலைக்கான ‘பார்ட் பி’ (Part P) அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. 2005 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கட்டாயம் தெரிவிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலை 2013இல் சுருக்கினார்கள். புதிதாக ஒரு சர்க்யூட் இழுப்பது, பியூஸ் பெட்டியை மாற்றுவது, குளியல் தொட்டிக்கும் ஷவருக்கும் பக்கத்தில் இருக்கிற சர்க்யூட்டில் கைவைப்பது, இவைதான் பெரும்பாலும் மிச்சம். இவை கவுன்சிலுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். (வேல்ஸுக்கு இந்தச் சுருக்கம் பொருந்தாது. துண்டறிக்கை இங்கிலாந்துக்கு மட்டும் என்று முதல் வரியிலேயே போட்டுவிடலாம்.)

> அப்படியானால் ‘முன்னறிவிப்பு வேலை’?

பாதிதான் சரி. வீட்டுக்காரர் தாமே செய்தால், பொதுவாக, தொடங்குமுன் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்தாலோ முன்கூட்டி எதுவும் வேண்டாம். வேலை முடிந்த 30 நாளுக்குள் அவர் சேர்ந்திருக்கும் அமைப்பு வழியாகத் தகவல் போய்விடும். ஆகவே ‘முன்’ போனால் நல்லது. ‘பதிய வேண்டிய வேலை’ என்பது பேச்சில் இயல்பாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வரியிலேயே ‘பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன்’ வருகிறார். எதைப் பதிய, யாரைப் பதிய என்று குழம்பும்.

என் முன்மொழிவு: தெரிவிப்புக்குரிய வேலை. ‘தண்டனைக்குரிய குற்றம்’, ‘வரிக்குரிய வருமானம்’ என்றால் விருப்பப்பட்டால் கட்டுவது என்று யாரும் நினைப்பதில்லை. அந்த ‘உரிய’வில் கட்டாயம் ஒளிந்திருக்கிறது. ‘அறிவிப்பு’ ஊருக்கெல்லாம் போடுவது. ‘தெரிவிப்பு’ ஒருவரிடம் போய்ச் சொல்வது. ‘தெரிவிக்கற்பாலது’ என்றும் எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, வீட்டில் படித்துக் காட்டினேன், சிரித்தார்கள். சரி, விட்டுவிட்டேன்.

எதிர்ச்சொல்லில் ஒரு பள்ளம் உண்டு. ‘தெரிவிப்பு வேண்டாத வேலை’ என்றதும் சான்றும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். கூடத்தில் இருக்கிற சர்க்யூட்டிலிருந்து ஒரு சாக்கெட் கூட்டினால் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வேலை பாதுகாப்பு விதிப்படி இருந்தாக வேண்டும். எலக்ட்ரீஷியன் சோதித்துப் பார்த்துச் சிறுவேலைச் சான்றிதழ் ஒன்று எழுதித் தருவதுதான் முறை. அந்த வரியைத் துண்டறிக்கையில் தனியாகவே போட வேண்டும்.

அப்புறம், ‘செல்ஃப் சர்ட்டிஃபிகேஷ’னுக்கு வரைவில் வைத்த ‘சுயசான்று’. இதைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு அது ஜெராக்ஸ் பிரதியில் தானே கையெழுத்துப் போடுவது. லண்டனுக்கு வந்து துண்டறிக்கையில் அதைப் பார்த்தால், வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டால் போதும் போலிருக்கிறது என்று நினைக்கமாட்டாரா? இங்கே ‘சுயம்’ என்பது வேலையைச் செய்த, பதிவுபெற்ற ஆள். ஆகவே ‘செய்தவர் சான்று’. செய்தவர் ஒருவர், சோதித்து ஒப்பமிடுபவர் வேறொருவர் என்ற வழியும் சட்டத்தில் இருக்கிறது. அதற்குப் ‘பிறர் சான்று’. இரண்டும் ஜோடியாக நிற்கின்றன.

சான்றிதழையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. நான் பட்டவன். மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய பியூஸ் பெட்டியைத் தெரிந்தவர் ஒருவர் மாற்றித் தந்தார். எர்த், இன்சுலேஷன் அளவுகளையெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்பி, கையெழுத்திட்ட தாளும் கொடுத்தார். பத்திரமாக வைத்திருந்தேன். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்டது அந்தத் தாளை அல்ல. கட்டட விதிக்கு இணங்கியதாகச் சொல்லும் இன்னொன்றை. தெரிந்தவர் எந்த அமைப்பிலும் பதியவில்லை, கவுன்சிலுக்கு யாரும் சொல்லவுமில்லை. கட்டணம் கட்டி, ஆள் வந்து பார்த்து, வரன்முறைப்படுத்தி முடிக்கும்வரை விற்பனை நின்றது. முதல் தாள் ‘மின்நிறுவல் சான்றிதழ்’, இரண்டாவது ‘விதி இணக்கச் சான்றிதழ்’ என்று பிரித்துவிடுவோம்.

கடைசியாக, ‘ஸ்பெஷல் லொக்கேஷன்’, அதாவது மேலே சொன்ன தொட்டி, ஷவர் பக்கத்து இடம். வரைவில் ‘சிறப்பிடம்’ என்றிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மாதிரி இருக்கிறது. ‘குளியலறை’யும் தவறு. முழு அறையும் கணக்கில் வராது. தொட்டி அல்லது ஷவர் தட்டின் விளிம்பிலிருந்து 0.6 மீட்டர், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம். ஷவர் தலை அதற்கும் மேலே இருந்தால் அதுவரை. ‘நீர்ப்புழக்க எல்லை’ என்றால் எப்படி? சவுனா என்ற வெப்பக் குளியல் அறையும் ‘ஸ்பெஷல் லொக்கேஷன்’தான், அது இந்தச் சொல்லுக்குள் அடங்காது, தெரியும். சவுனா வைத்திருக்கும் வீட்டுக்காரர் நம் துண்டறிக்கையைத் தேடி வரப்போவதில்லை.

‘நீர்ப்புழக்க எல்லை’யா, ‘நீர்ப்புழக்க வட்டார’மா என்று இரண்டு நாளில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
குறொய்டனிலிருந்து