சுப்பையா தாத்தா வாரிசுகள் (17 பேர்)

அம்மா: [படம்]

அம்மா: கோபி கல்யாண மண்டபத்திலிருந்து கடிதம். எல்லாரும் படியுங்கள். மலாய் புரியவில்லை என்றால் முகிலனைக் கேளுங்கள்.

செல்வி அத்தை: என்ன அண்ணி

செல்வி அத்தை: கண்ணாடி கையில் இல்லை

பாஸ்கர் மாமா: ரத்தா?

முகிலன்: ரத்து இல்லை மாமா. மண்டபம் இருக்கிற பல்கலைக்கழகத்தில் நீச்சல் குளத்தையும் விளையாட்டு அரங்கையும் விரிவுபடுத்துகிறார்களாம். அடுத்த மாதம் வேலை ஆரம்பம். நம் மண்டபத்தைத் தொடமாட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தைத் தகரம் அடித்து மூடிவிடுவார்கள்.

பாஸ்கர் மாமா: அப்போ காடியை எங்கே போடுவது? தலையிலா?

கோபி அண்ணன்: 600 பேருக்குக் கார்டு கொடுத்தாச்சு.

கோபி அண்ணன்: பெண் வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. யாரும் முந்திக்கொள்ள வேண்டாம், முக்கியமாக செல்வி அத்தை.

செல்வி அத்தை: நான் ஏன் சொல்லப் போகிறேன்

செல்வி அத்தை: சம்பந்தியம்மாவிடம் சேலைக் கலர் பற்றி மட்டும்தான் பேசினேன்

பெரியப்பா: வணக்கம். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு விளக்கம். விரிவுபடுத்துவது என்றால் இருக்கிற குளத்தை இழுத்து நீட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய காங்கிரீட்டோடு புதியதை ஒட்டினால் அந்த இணைப்பில் ஒழுக வாய்ப்பு அதிகம். புதிதாகத்தான் தோண்டுவார்கள். ஒலிம்பிக் அளவு என்றால் நீளம் 50 மீட்டர், அகலம் 25 மீட்டர். பத்து லேன், ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர். ஆழம் 2 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள், 2,500 கன மீட்டர் வரும். அதாவது 25 லட்சம் லிட்டர். தண்ணீரின் எடை மட்டும் 2,500 டன். அந்த இடமோ பழைய ஈயச் சுரங்க மண், கீழே சேறு. பைலிங், அதாவது ஆழத்தில் இறக்கும் தூண்கள், அடிக்காமல் அதன் மேல் எதையும் வைக்க முடியாது. பைலிங் இயந்திரம், மண் லாரி, கம்பிக் கட்டு எல்லாவற்றுக்கும் இடம் வேண்டாமா? அதனால்தான் கார் நிறுத்துமிடம் போகிறது. யார் மீதும் தப்பு இல்லை.

பாஸ்கர் மாமா: 👍

செல்வி அத்தை: அண்ணே சாப்பாடு விஷயம் என்ன ஆச்சு

பெரியப்பா: இன்னொன்று. போட்டிக் குளத்தின் நீளம் 50 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. கூடினால் 3 சென்டிமீட்டர் வரை விடுவார்கள். நேரம் பதிக்கும் பலகையைச் சுவரில் மாட்டிய பிறகும் நீளம் சரியாக இருக்க வேண்டும். இதைக் கட்டுவது நம்ம ஊர் ஒப்பந்தக்காரர் சொல்கிற மாதிரி ஆறு மாதத்தில் நடக்காது.

அம்மா: கல்யாணம் ஆவணியில் மாமா.

பெரியப்பா: அதைத்தான் சொல்கிறேன் வசந்தா. ஆவணியில் அங்கே வெறும் பள்ளம்தான் இருக்கும்.

பாஸ்கர் மாமா: பள்ளத்தைத் தோண்டிக் காலியாக வைத்திருந்தால் அதிலேயே காடி நிறுத்தலாமே 😂

கோபி அண்ணன்: 😂😂

பெரியப்பா: பாஸ்கர், விளையாட்டுக்குச் சொன்னாலும் ஒரு விஷயம் தெரிந்துகொள். காலிக் குளம்தான் ஆபத்து. மழை பெய்து நிலத்தடி நீர் ஏறினால் காலியான குளம் கப்பல் மாதிரி மேலே கிளம்பிவிடும். தரை வெடித்துவிடும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றாலும் கண்டபடி குளத்தைக் காலி செய்யமாட்டார்கள்.

பாஸ்கர் மாமா: சரிங்க அண்ணே

பாஸ்கர் மாமா: நான் ஈடிஎஸ் ரயிலில்தான் வருகிறேன். பட்டர்வொர்த்தில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிடுவான். எனக்குக் காடியே வேண்டாம். என் பொண்டாட்டி வீட்டார் 22 பேருக்குத்தான் கவலை.

செல்வி அத்தை: 22ஆ

கோபி அண்ணன்: மாமா கார்டில் 'குடும்பத்தினர்' என்று போட்டது உங்கள் நாலு பேரை.

பாஸ்கர் மாமா: உன் அம்மா கல்யாணத்தில் என்னைப் போட்டோவுக்குக்கூடக் கூப்பிடவில்லை. 22 பேரோடு வந்தால்தான் கண்ணுக்குத் தெரிவேன்.

அம்மா: பாஸ்கர், அப்போது நீ மாமாக் டீக்கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தாய். இதை எத்தனை தடவைதான் சொல்வது?

பாஸ்கர் மாமா: அது வேறு கல்யாணம் அக்கா

தரணி: குளம் கட்டப் போவது உண்மைதானா முகி??? எங்கள் குழுவில் ஒரு வருஷமாக வதந்தியாகத்தான் ஓடியது

முகிலன்: உண்மைதான், கடிதத்திலேயே இருக்கிறது. 50 மீட்டர் குளம், பக்கத்தில் டைவிங் குளம், உள்ளரங்கில் பூப்பந்துத் திடல்கள், ஜிம்.

தரணி: டைவிங் குளமா!!!

தரணி: இப்போது இருப்பது 25 மீட்டர், ஆறு லேன். சாயங்காலம் ஒரு லேனில் எட்டுப் பேர். முன்னால் போகிறவரின் காலைத் தொட்டுத் தொட்டுத்தான் நீந்த வேண்டும். சனி ஞாயிறு வெளி கிளப்புகளுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள். புதன் இரவு பெண்களுக்கு மட்டும் என்று போர்டு இருக்கும், ஆனால் உயிர்காப்பாளர் வரவில்லை என்று பூட்டிவிடுவார்கள். குளோரின் நெடியில் கண் எரியும்.

பெரியப்பா: அந்த நெடி வெறும் குளோரின் இல்லை மா. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாவது. நெடி கூடினால் ஆட்கள் குளிக்காமல் இறங்குகிறார்கள், வடிகட்டி வேலையும் குறைகிறது என்று பொருள்.

செல்வி அத்தை: சீ

செல்வி அத்தை: சாப்பிடுகிற நேரத்தில்

கோபி அண்ணன்: கட்டணத்தை ஏற்றுவார்களா தரணி? படிக்கிற பிள்ளைகள் தலையில்தானே கட்டுவார்கள்.

தரணி: மாணவர் மன்றத்தில் அதைத்தான் கேட்டோம். பதில் இல்லை. கட்டுவதற்குப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடும் கோபி அத்தான், அதற்கப்புறம் தினமும் பம்ப் ஓட்டுவதற்கு யார் கொடுப்பார்கள் என்பதுதான் கேள்வி. பரவாயில்லை, குதிக்கிற மேடை வந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் புக்கிட் ஜாலில் குளம் வரை போய் வர முடியவில்லை.

செல்வி அத்தை: நீ எப்போது புக்கிட் ஜாலில் போனாய்

தரணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: அழித்தாலும் பார்த்துவிட்டேன்

செல்வி அத்தை: நூலகம் போகிறேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போகிறாய்

தரணி: அம்மா நேரில் பேசலாம்

செல்வி அத்தை: எத்தனை மீட்டர்

தரணி: 3 தான். சில சமயம் 5.

பாஸ்கர் மாமா: அடேயப்பா

பெரியப்பா: 10 மீட்டர் மேடைக்குக் கீழே தண்ணீர் 5 மீட்டர் ஆழம் இருக்கும். மேலிருந்து வருகிறவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுவார். புக்கிட் ஜாலில் குளம் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டியது. அங்கே பாதுகாப்பு எல்லாம் உண்டு செல்வி.

தரணி: டைவிங் வீராங்கனை பண்டெலேலா அங்கே பயிற்சி எடுத்தவர்தான் அம்மா. 2012 லண்டனில் வெண்கலம். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் மலேசியப் பெண்.

செல்வி அத்தை: அந்தப் பிள்ளை வீட்டில் ராஜா அண்ணன் மாதிரி யாரையும் பறிகொடுக்கவில்லை

அம்மா: செல்வி. குழுவில் வேண்டாம். உன் அம்மா முகிலனிடம் எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்.

கோபி அண்ணன்: சாயங்காலம் போன் பண்ணுகிறேன் அத்தை

முகிலன்: பாட்டி தூங்குகிறார், நான் படித்துக் காட்டவில்லை.

பெரியப்பா: குழுவிலேயே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். ராஜா போனது நீச்சல் குளத்தில் இல்லை. தோட்டத்துக்குப் பின்னால் இருந்த சுரங்கக் குட்டை. வேலி கிடையாது. மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், இரண்டடி வைத்தால் கால் எட்டாது, கீழே சேறு. அன்றைக்குக் கரையில் நின்ற நாங்கள் ஐந்து பேர், ஒருவனுக்கும் நீந்தத் தெரியாது. அப்புறம் அம்மா குளியல் தொட்டிக்குக்கூடப் பலகை போட்டு மூடிவைத்தார். நம் வீட்டில் யாருமே நீந்தக் கற்கவில்லை. இன்றைக்கு அதே மாதிரிக் குட்டைகளைத்தான் தித்திவங்சா ஏரி, சன்வே லகூன் என்று மாற்றிப் போய்ப் பார்க்கிறோம். தண்ணீருக்குப் பயந்து என்ன கண்டோம்? தரணிக்கு நீந்தத் தெரியும். அவள் குதிக்கட்டும்.

பெரியம்மா: இவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் செல்வி

பாஸ்கர் மாமா: 🙏

செல்வி அத்தை: உங்கள் மகளாக இருந்தால் தெரியும் அண்ணே

செல்வி அத்தை: முழுக்கை உடுப்பாவது உண்டா

தரணி: இருக்கிறது அம்மா. முட்டி வரைக்கும்.

செல்வி அத்தை: தலைமுடி எல்லாம் கொட்டிப் போகும்

பெரியப்பா: 1985இல் பாங்காக்கில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் நம்ம நீச்சல் வீராங்கனை நூருல் ஹுடா 13 வயதில் 7 தங்கம் எடுத்தார். முடி இருந்தது.

பாஸ்கர் மாமா: 😂😂😂

கோபி அண்ணன்: தயவுசெய்து என் கல்யாணத்துக்கு வருகிறீர்களா எல்லாரும்?

முகிலன்: மூன்று வழி இருக்கிறது. அதே மண்டபம், கார்களை எல்ஆர்டி ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வேன் ஓட்டுவது. இல்லை வேறு மண்டபம், ஆனால் கட்டிய 2,000 வெள்ளி (ரிங்கிட்) திரும்பி வருமா என்று கேட்க வேண்டும். இல்லை கோயில் மண்டபத்திலேயே மதியச் சாப்பாடு.

செல்வி அத்தை: கோயில் என்றால் சைவம்

பாஸ்கர் மாமா: 22 பேரைப் பினாங்கிலிருந்து கூட்டிவந்து சாம்பார் ஊற்றுவதா?

அம்மா: செல்வி கல்யாணத்தில் ஆட்டுக்கறி இரண்டாம் பந்தியிலேயே தீர்ந்துபோனது மறந்துவிட்டதா? சாம்பாரே தேவலை.

செல்வி அத்தை: அந்தக் கறிக்குக் காசு வாங்கியது யார் என்று கேட்டுச் சொல்லுங்கள் அண்ணி

பெரியம்மா: செல்வி 🙏

முகிலன்: கருத்துக்கணிப்பு: எந்த மண்டபம்?
அதே மண்டபம், வேன்: 6
வேறு மண்டபம்: 5
கோயில்: 3

முகிலன்: செல்வி அத்தை மூன்றிலும் போட்டிருக்கிறார்

செல்வி அத்தை: விரல் பட்டுவிட்டது

கோபி அண்ணன்: வேன் என்றால் யார் பேசுவது?

பாஸ்கர் மாமா: எனக்குத் தெரிந்த சீனர் ஒருவர் பஸ் வைத்திருக்கிறார். பினாங்கில்.

கோபி அண்ணன்: மாமா நமக்கு வேண்டியது இங்கே

அம்மா: பல்கலைக்கழகத்துக்கு யார் போன் போடுவது? மலாய் நன்றாகப் பேசுகிறவர் யாராவது பேசுங்கள். பெரிய மாமா வேண்டாம், அவர் குளத்தைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவார்.

பெரியப்பா: தரணி, அந்த டைவிங் குளத்தின் வரைபடம் அலுவலகத்தில் ஒட்டியிருப்பார்கள். ஒரு படம் எடுத்து அனுப்பு. மேடை மேற்கே பார்த்து இருந்தால் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும். இப்போதே சொன்னால் திருத்தலாம்.

தரணி: சரி பெரிய மாமா. திங்கள் போகிறேன். மண்டப ஆளும் அதே கட்டடம்தான், அந்த 2,000 பற்றியும் கேட்கிறேன்.

செல்வி அத்தை: திங்கள் நானும் வருகிறேன்

தரணி: எதுக்கு

செல்வி அத்தை: மண்டபம் பார்க்க

செல்வி அத்தை: சேலை ஊதாவா பச்சையா யாராவது சொல்லுங்கள், சம்பந்தியம்மா காத்திருக்கிறார்கள்

கோபி அண்ணன்: அத்தை!! அவர்களிடம் எதையும் சொல்லவில்லையே??

செல்வி அத்தை: கார் நிறுத்த இடமில்லை என்று மட்டும்தான்