வேலையை விட்டுவிட்டு வந்த தம்பி அறையை விட்டே வருவதில்லை. கவுன்சலிங்கில் என்னதான் செய்வார்கள்?

குற்றாலச்சாரல்:

வணக்கம். தம்பிக்கு 23 வயது. 2024 மே மாதம் பி.இ. முடித்தான். கேம்பஸில் கிடைத்த வேலைக்குச் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போய், டிசம்பரில்தான் சென்னையில் சேர்ந்தான். ஐந்தே மாதம். ஒரு நாள் விடியற்காலை தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஃபோன் செய்தான். "அக்கா, ரிசைன் பண்ணிட்டேன். அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

இரண்டரை மாதம் ஆகிறது. விடிய விடிய முழித்திருக்கிறான், பகல் 12 மணிக்கு எழுந்திருக்கிறான், தட்டை அறைக்குள் எடுத்துப் போய்ச் சாப்பிடுகிறான். அப்பா டிஎன்பிஎஸ்சி கோச்சிங்கில் சேர் என்கிறார். மாமா திரும்பச் சென்னைக்கே போ என்கிறார். படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டதால் கல்விக்கடன் தவணையும் தொடங்கிவிட்டது. திருநெல்வேலியில் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கலாம் என்று சொன்னால், "பைத்தியம்னு பேர் வந்துடும், மாத்திரையைக் கொடுத்துத் தூங்கவெச்சுடுவாங்க" என்று அம்மா அழுகிறார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

நாகர்கோவில்_பெண்:

அக்கா, நான் 22 வயதில் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது எனக்கும் இப்படி ஆனது. எட்டு முறை போனேன், ஒரு முறைக்கு 800 ரூபாய். மாத்திரை எதுவும் தரவில்லை. முதல் இரண்டு முறை நான் அழுதது மட்டும்தான் நினைவிருக்கிறது. மூன்றாவது முறை கவுன்சலர் கேட்டார், "இங்கே வந்தபிறகு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" யோசித்துப் பார்த்தேன், நான்கு மாதமாக யாரோடும் இல்லை. என் பிரச்சினை வேலை என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலைக்கோட்டை:

சகோதரி, திருச்சியில் 14 வருடமாகக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் உங்கள் தம்பி வயதுக்காரர்கள்தான்.

முதலில் அம்மாவின் பயம். மாத்திரை எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட், அவர் மருத்துவர். எங்கள் வேலை பேச்சும் பயிற்சியும்தான். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவோம். நீங்கள் பார்க்கப் போகிறவருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். தம்பி உள்ளே சொல்வது வெளியே வராது. 2017-ல் வந்த மனநலச் சட்டமே அந்த ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் வீட்டாரிடம் பேசுவேன் என்பதை என்னிடம் வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இனி, இந்த வயதைப் பற்றி. பள்ளியில் மணி அடித்தது. காலேஜிலும் மணி அடித்தது. ஹாஸ்டல் மெஸ்ஸை மூடிவிடுவார்கள் என்பதற்காகவாவது காலையில் எழுந்தான். 22 வயதில் ஒரே நாளில் அத்தனையும் நின்றுவிடுகிறது. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000-ஆம் ஆண்டில் 18 முதல் 25 வரையான வயதைத் தனிப் பருவமாகவே பிரித்துக் காட்டினார். பிள்ளை என்றும் சொல்ல முடியாது, பெரியவர் என்றும் சொல்ல முடியாது. அவர் பார்த்தது அமெரிக்கப் பிள்ளைகளை. நம் வீடுகளில் அந்த நடுவாந்திரத்தில் கடன் தவணை இருக்கிறது, அப்பாவின் ஆசை இருக்கிறது, தெருவே நின்று கேட்கும் "இப்ப என்ன பண்றே?" இருக்கிறது.

சில வருடம் முன்பு ஒரு பையன் வந்தான் (சம்மதம் வாங்கி, அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்). கோடு போட்ட தாளைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு மணிவாரியாக என்ன செய்தாய் என்று எழுதிவரச் சொன்னேன். ஏழு நாளும் எல்லாக் கட்டத்திலும் "சும்மா இருந்தேன்". சரி என்று, ஒரு செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டம் கட்டமாகக் கேட்டேன். 11 மணிக்கு எதிர்வீட்டு அத்தை வந்தார். இவன் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறான். அவர் போகும்வரை முக்கால் மணி நேரம், ஜூன் மாத வெயிலில், செருப்புக்கூட இல்லாமல். அதையும் "சும்மா" என்றுதான் எழுதியிருந்தான்.

அடுத்த இரண்டு வாரம் வேலையைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அந்த அத்தைக்குச் சொல்ல ஒரு பதிலைத் தயார் செய்தோம். நான் அத்தை, அவன் அவன். பத்துப் பதினைந்து தடவை மாற்றிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் நின்றது இதுதான்: "ஒரு வேலையை விட்டுட்டேன் அத்தை, அடுத்ததுக்குப் பார்த்துட்டிருக்கேன்." பொய் இல்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு வந்த அன்று தானாகவே கடைவீதிக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

கூடவே எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்வோம். தூங்கும் நேரத்தைப் பிடிக்க முடியாது, எழும் நேரத்தைப் பிடிக்கலாம். அப்புறம் நாளைக்கு ஒரு சின்ன வேலை, மனம் வந்தாலும் வராவிட்டாலும். மனம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது. செய்யச் செய்யத்தான் வரும். பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று இதற்குப் பெயர்.

டிஎன்பிஎஸ்சியா சென்னையா என்பதை நான் முடிவு செய்யமாட்டேன். இப்போது தம்பியையும் முடிவு செய்யச் சொல்லாதீர்கள். தூக்கம் ஓரளவு சரியானபிறகு சின்னதாக ஒத்திகை பார்க்கலாம். தேர்வாணைய இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. கோச்சிங்கில் பணம் கட்டுமுன் இரண்டு வாரம் அவற்றைப் போட்டுப் பார்க்கட்டும், பிடிக்கிறதா என்பது அவனுக்கே தெரிந்துவிடும். தூக்கம் சரியாகவும் இந்த ஒத்திகைக்கும் சேர்த்து, அப்பாவிடம் கேட்கவேண்டியது ஒரு மாத அவகாசம்தான்.

ஒன்றில் மட்டும் காத்திருக்க வேண்டாம். "நான் இல்லாமல் இருந்தால் நல்லது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள். ஆபத்து என்று பட்டால் அவனைத் தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

ஓய்வு_ஆசிரியர்:

மலைக்கோட்டை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகனை நான்கு வருடம் முன்பு தினமும் சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்பேன், "அடுத்து என்ன?" என்று. அவன் ஏன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான் என்பது இன்றைக்குத்தான் புரிகிறது. அம்மா, உங்கள் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

குற்றாலச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நேற்று இரவு கோச்சிங் பேச்சை எடுக்கவில்லை. தம்பி தட்டோடு கூடத்தில் உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில், "நீயும் உள்ள வருவியா?" என்று என்னிடம் கேட்டான். வியாழக்கிழமை 11 மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார், கூட்டிப் போகலாமா?

மலைக்கோட்டை:

தாராளமாக. தம்பி சரி என்றால், முதல் பத்து நிமிடம் மூன்று பேரும் உள்ளே உட்காருங்கள். அப்புறம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். போகும் வழியில் பஸ்ஸில் "டாக்டர்கிட்ட இதைச் சொல்லு, அதைச் சொல்லு" என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஜன்னலோர சீட்டை அவனுக்குக் கொடுங்கள்.