மறுமொழி: க்யூரிங் - 'உலர்பதம்' வேண்டாம், 'ஈரங்காப்பு' எப்படி?

நண்பர்களே,

க்யூரிங், அதாவது போட்ட கான்கிரீட் நன்றாக இறுகும் வரை அதன் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்வது, இதற்குப் பாடநூலில் வைக்கத் தமிழ்ச் சொல் தேடி இரண்டு நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். இங்கே ஒரு ஐயா முன்வைத்த 'உலர்பதம்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை ஏற்கக் கூடாது என்பது என் கட்சி. சொல்லில் 'உலர்' வந்துவிட்டால், கான்கிரீட் காய்ந்துதான் கெட்டியாகிறது என்று படிக்கிற பையன் நினைத்துக்கொள்வான். வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார்கள். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, தண்ணீருக்கு அடியில் போட்டாலும் இறுகும். சென்னை மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை வேறு கதை, அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கெட்டியாகும். அந்தப் பழக்கத்தில் வந்த நினைப்போ என்னவோ.

'பதனிடல்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது தோலுக்கும் மீனுக்கும் உரிய சொல். நான் காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவன், தெரு முனையில் உப்புத் தடவிய மீனை விரித்துக் காயவைத்திருப்பார்கள். கருவாடு போடுவதற்கும் தளத்துக்குத் தண்ணீர் கட்டுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது, அன்றைக்குச் சிரித்தேன். மீனில் வேலை தண்ணீரை வெளியேற்றுவது, அதற்கு உப்பு துணை. தளத்தில் வேலை தண்ணீரைப் போகவிடாமல் பிடித்துவைப்பது, அங்கே உப்பு பகை. அவர்கள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டார்கள் என்பதற்காக நாமும் போட வேண்டுமா?

உப்பு பகை என்றது புத்தகத்தில் படித்ததை வைத்து இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடித்தளம் அக்னி நட்சத்திரத்தில் போட்டது. காலையில் போட்ட தளம் மதிய வெயிலிலும் காற்றிலும் மேல்பக்கம் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிட்டது. மறுநாள் பாத்தி கட்டினோம், லாரித் தண்ணீர் வரவில்லை, உப்புக் கரிக்கும், வாயில் வைக்க முடியாத போர் தண்ணீரையே தேக்கினோம். "மூணு நாள் போதும் சார்" என்றார் மேஸ்திரி. சில வருடம் கழித்து ஒரு நாள் சன்ஷேடிலிருந்து உள்ளங்கை அளவு பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. கடல் காற்றா, உப்புத் தண்ணீரா, கம்பிக்குக் கீழே கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், குறைவா என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றுமே கைகோத்திருக்கும். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது, உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்பை உடைக்கிறது, துரு கம்பியைவிடப் பெரிய இடம் கேட்டு மேல்பூச்சோடு தள்ளுகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டின் கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரம் ஐ.எஸ். 456 சொல்கிறது. எங்கள் போர் தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'நீரேற்றம்' கூடாது, அது சிமென்டுக்கும் தண்ணீருக்கும் இடையே நடக்கும் வினைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. க்யூரிங் என்பது அந்த வினை பாதியில் நின்றுபோகாமல் நாம் பார்த்துக்கொள்வது. நுண்துளைகளுக்குள் ஈரப்பதம் சுமார் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும், அப்புறம் 28 நாளில் எட்ட வேண்டிய வலிமை எங்கிருந்து வரும்? 'நீரூட்டல்' கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் பிளாஸ்டிக் தாள் போர்த்துவதும், மேலே மெழுகுக் கரைசல் அடிப்பதும் க்யூரிங்தான், அவற்றில் ஒரு சொட்டுகூட ஊட்டுவதில்லை, இருப்பதைக் காக்கிறோம். 'தண்ணீர் காட்டல்' என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். அதை ஒப்பந்ததாரர்கள் ஏற்கெனவே நமக்குச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு 'ஈரங்காப்பு'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "சாதாரண சிமென்ட் தளத்துக்குக் குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள் ஈரங்காப்பு தேவை. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்டுக்கு 14 நாள் நல்லது." நாள் கணக்கு அதே ஐ.எஸ். 456-இல் உள்ளதுதான். நமது அனல்மின் நிலையங்களில் மிஞ்சும் சாம்பல் மெதுவாக வினைபுரியும், அதனால்தான் அந்தக் கூடுதல் நாள். மேலே அடிக்கும் மெழுகுக் கரைசலுக்கு 'ஈரங்காப்புப் பூச்சு'. தூணில் ஈரச்சாக்கு சுற்றுவதும் இதில் அடங்கும்.

நேற்று எதிர்வீட்டில் வேலை செய்யும் மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஈரம் போவாம பாத்துக்கிறது, அதானே சார்?" என்றார். பொருள் உடனே பிடித்துவிட்டது. "ஆனா சித்தாளுகிட்ட ஈரங்காப்புன்னா முழிக்கும், தண்ணி கட்டுன்னாதான் குடத்தைத் தூக்கும்" என்றும் சொன்னார். நியாயம்தான். வேலை இடத்தில் 'தண்ணி கட்டுறது' அப்படியே இருக்கட்டும், நாம் பாடநூலுக்குத்தானே தேடுகிறோம்.

ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது. தொழிற்கூடத்திலேயே வார்த்துக் கொண்டுவரும் முன்வார்ப்பு உத்தரங்களுக்குச் செய்யும் நீராவி க்யூரிங். அங்கே ஈரத்தோடு சூடும் வேலை செய்கிறது, வலிமையைச் சீக்கிரம் எட்டவைப்பதுதான் நோக்கம். 'நீராவி ஈரங்காப்பு' என்றால் சூட்டின் பங்கு தெரியவில்லை. யாருக்காவது பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.