மறு: அன்சைக்ளோபீடியா வகைத் தளங்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

விக்கிப்பீடியாவைப் போல நடித்துக் கிண்டல் கட்டுரைகள் எழுதும் அன்சைக்ளோபீடியா போன்ற தளங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று நடந்த கூத்துதான் என்னை எழுத வைத்தது. தம்பி மகன் ஒரு கிண்டல் கட்டுரையின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டான். தளத்தின் பெயரும் சின்னமும் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. பெரியப்பா அதை அப்படியே நம்பி வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். உண்மை தெரிந்ததும் 'போலி விக்கிப்பீடியாவாம், ஏமாத்துக்காரப் பசங்க' என்று ஒரே கோபம். அவர் வாயில் வந்த அந்தப் 'போலி'யிலிருந்தே தொடங்குகிறேன்.

> 'போலிக் கலைக்களஞ்சியம்' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிப் பத்திரம் என்று இன்று நாம் சொல்லும் இடமெல்லாம் ஏமாற்றும் எண்ணம் உள்ள இடம். அன்சைக்ளோபீடியா 2005 ஜனவரியில் தொடங்கியது. தான் யாரென்று அது ஒளித்ததே இல்லை. விக்கிப்பீடியாவின் சின்னம் புதிர்த் துண்டுகளால் ஆன உலக உருண்டை. இவர்களுடையது புதிர்த் துண்டுகளால் ஆன, உள்ளே ஒன்றுமில்லாத உருளைக்கிழங்கு. அங்கே 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றால் இங்கே 'சரக்கற்ற கலைக்களஞ்சியம்' என்ற பொருளில் முழக்கம். வாசலிலேயே இப்படிப் பலகை மாட்டியிருப்பவனைப் போலி என்பது நியாயமில்லை.

இலக்கணப்படி பார்த்தாலும் உதைக்கிறது. அறம் என்பது அறன் ஆனால் கடைப்போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. பகடியிலோ எழுத்து கொஞ்சம்தான் மாறும், பொருள் தலைகீழாகும்.

> சீனர்கள் 'பொய்' என்றுதானே பெயர் வைத்திருக்கிறார்கள்?

நல்ல கேள்வி. ஆனால் அங்கே நடப்பது வேறு. சீன விக்கிப்பீடியாவின் பெயரில் முதல் அசையின் தொனியை மட்டும் மாற்றினால் 'பொய்' என்று பொருள்படும் எழுத்து வந்துவிடுகிறது. சிரிப்பு அந்த ஒலிமாற்றத்தில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் 'என்' போய் 'அன்' வந்தது, அவ்வளவுதான். ஸ்பானியர்கள் இன்சிக்ளோபீடியா என்றும் இத்தாலியர்கள் நான்சிக்ளோபீடியா என்றும் அவரவர் மொழியின் எதிர்மறை முன்னொட்டை ஒட்டவைத்தார்கள். பின்னிஷ் மொழிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே: ஹிக்கிபீடியா. 'ஹிக்கி' என்றால் அவர்கள் மொழியில் வியர்வை!

நம் மொழியில் எதிர்மறையை முன்னால் ஒட்டுவது இயல்பில்லை. 'அகலைக்களஞ்சியம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், எனக்கு அகலப்பாதை ரயில்தான் நினைவுக்கு வந்தது. 'நகைக்களஞ்சியம்' இன்னும் மோசம். செய்கூலி, சேதாரம் கேட்டுக்கொண்டு ஆள் வருவார்கள்.

முந்தாநாள் மடலில் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்ன 'கலாய்க்களஞ்சியம்' என்னைப் பொறுத்தவரை இந்த இழையின் முத்து. கலை என்பதில் 'லை' போய் 'லாய்' வந்தது, மூலத்தில் நடந்த அதே வித்தை. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேருக்கு முதலில் வித்தியாசமே தெரியாது. ஆனால் இதை ஒரு தளத்தின் பெயராக வைக்கலாம், கலைச்சொல்லாக வைக்க முடியாது. அகராதியில் தேடுகிறவருக்கு வேண்டியது இந்த வகைக்கான பொதுப்பெயர். சிறப்புப்பெயரையும் பொதுப்பெயரையும் குழப்பிக்கொண்டதால்தான் நாற்பது மடல் தாண்டியும் ஓயாமல் இருக்கிறோம்.

> தொல்காப்பியத்திலேயே 'அங்கதம்' இருக்கிறது. 'அங்கதக் களஞ்சியம்' என்க.

ஐயா சொல்வதில் மரியாதை உண்டு. ஆனால் தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் (வெளிப்படையாகச் சொல்வது), கரந்தது (மறைத்துச் சொல்வது) என்று இரண்டாகப் பிரித்து, செம்பொருளை வசை என்கிறது. யாரையோ குத்தும் நோக்கம் அதில் உண்டு. அன்சைக்ளோபீடியாவில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை மட்டுமே வரிவரியாக அடுக்கிய ஒரு கட்டுரை ரொம்பப் பிரபலம். அது யாரை வசைபாடுகிறது? கட்டுரையின் உருவத்தை, அதன் விறைப்பான தொனியை நடித்துக் காட்டுகிறது, அவ்வளவே. என் கைச்சரக்கு ஒன்று, சும்மா ஒரு மாதிரிக்கு:

'ஷேர் ஆட்டோ: மூன்று சக்கரங்களும் எண்ணற்ற இருக்கைகளும் கொண்ட ஊர்தி. "இன்னும் ஒருத்தர் உட்காரலாம்" என்பது இதன் அடிப்படை விதி [சான்று தேவை]. இதன் கொள்ளளவை இதுவரை யாரும் அளந்து முடித்ததில்லை.'

இதில் சிரிப்பு வருவது (வந்தால்!) ஆட்டோக்காரரைத் திட்டியதால் அல்ல, விக்கிப்பீடியாவில் ஆதாரமில்லாத வரிக்குப் பின்னால் ஒட்டும் 'சான்று தேவை' இங்கே வந்து உட்கார்ந்த இடத்தால். உருவத்தை நடித்துச் சிரிக்கவைப்பதற்கு நம் விமர்சகர்கள் ஏற்கெனவே புழங்கும் சொல் பகடி. எனவே என் வாக்கு 'பகடிக் கலைக்களஞ்சியம்'. 'கலை'யை வெட்டிச் சுருக்க வேண்டாம், எதைப் பகடி செய்கிறது என்பது பெயரிலேயே தெரியட்டும்.

இதற்கும் மறுப்பு வந்தது. பகடி என்றதும் பகடிவதை (ராகிங்) ஞாபகம் வருகிறது என்றார் யாழ்ப்பாணத்து நண்பர். அவர்கள் பக்கம் 'பகிடி' அன்றாடப் பேச்சு, பகிடிவதையோ பல்கலைக்கழகத்தின் தலைவலி. ஆனால் அந்தச் சொல்லில் கொடுமை 'வதை'யில் இருக்கிறது, 'பகிடி'யில் இல்லை. தவிர, பகடி எப்போதும் பஞ்சுமெத்தை என்று நானும் சொல்லவில்லை. 2011இல் பாடகர் வாஸ்கோ ரோஸ்ஸி தரப்பு சட்டநடவடிக்கையில் இறங்கியதால் அந்த இத்தாலியத் தளம் சில நாள் கதவைச் சாத்தியது. சொல்லில் கொஞ்சம் முள் இருப்பது தப்பில்லை.

கடைசியாக, 'பதர்க்களஞ்சியம்' சொன்ன தோழிக்கு. களஞ்சியம் என்றால் நெல் கொட்டும் இடம், அதில் பதர் என்பது அழகான கற்பனை. ஆனால் பதர் நெல்லோடு கலந்து கிடந்தால்தான் ஆளை ஏமாற்றும். பதரை மட்டும் குவித்து வைத்தால் யாரும் மூட்டை கட்ட மாட்டார்கள். அதனால் இந்தச் சொல்லை வேறொன்றுக்கு எடுத்து வைப்போம். நிஜக் கலைக்களஞ்சியங்களுக்குள் வேண்டுமென்றே நுழைத்த பொய்ப் பதிவுகள் உண்டு. 1975இல் வந்த நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்ற, பிறக்கவே பிறக்காத புகைப்படக்காரர் இருக்கிறார். எரிபொருள்கள் பற்றிய ஒரு பத்திரிகைக்காகப் படமெடுக்கப் போய் வெடிவிபத்தில் செத்ததாகக் கதை. ஜெர்மன் மருத்துவ அகராதி ஒன்றில் கல்லைத் தின்னும் பேன் 1983 முதல் குடியிருக்கிறது. நடுவில் ஒரு பதிப்பில் தூக்கிவிட்டு, பிறகு திரும்பவும் சேர்த்தார்கள். இவற்றுக்குப் 'பதர்ப்பதிவு' என்று வைத்தால் என்ன?

இதற்குத் தனி இழை தொடங்குவதா, இங்கேயே தொடர்வதா என்பதை மட்டுறுத்துநர் சொல்லட்டும். பெரியப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வருகிறேன்.